பைத்தானில் டொமைன் பெயரைச் சரிபார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிவத்தில் ஒருவர் தன் இணையதளத்தின் பெயரைத் தட்டுகிறார். அது டொமைன் பெயராக இருக்க முடியுமா, முடியாதா என்று நம் நிரல் சொல்ல வேண்டும். ஒரு வரி ரெஜெக்ஸில் (எழுத்துத் தொடரின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் குறிமொழி) முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறோம். அது முடிவதில்லை. தமிழில் பெயர் வந்தால் நிச்சயம் முடியாது. பைத்தானில் எழுதுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. தமிழில் 'புள்ளி' என்றால் மெய்யெழுத்தின் தலையில் இருப்பதும் புள்ளிதான், பெயரின் பகுதிகளைப் பிரிப்பதும் புள்ளிதான். குழப்பம் வராமலிருக்க, பிரிப்பதை 'டாட்' என்றும், இரண்டு டாட்களுக்கு நடுவில் இருக்கும் துண்டை 'லேபிள்' என்றும் எழுதுகிறேன்.

சரிபார்ப்பது என்றால் சரியாக எதைச் சரிபார்க்கிறோம்?

இதைத் தீர்மானிக்காமல் நிரல் எழுத உட்காராதீர்கள். பெயரின் வடிவம் சரியா என்பது ஒரு கேள்வி. கடைசி லேபிள் உண்மையில் இருக்கிற ஒன்றா என்பது இன்னொன்று. அந்தப் பெயரை யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்பது மூன்றாவது. தட்டியவருக்கே அது சொந்தமா என்பது நான்காவது. முதல் கேள்விக்கு மட்டும்தான் நிரலுக்குள்ளேயே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, கடைசி லேபிள்களின் பதிவேட்டைப் பராமரிக்கும் ஐயானா அமைப்பு வெளியிடும் பட்டியல் வேண்டும். மூன்றாவதற்கு, பெயரைக் கொடுத்தால் கணினியின் முகவரியைத் தரும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கலாம், ஆனால் பதிவு செய்துவிட்டு எதையும் அமைக்காமல் விட்ட பெயர் அங்கே இல்லாததுபோலவே தெரியலாம். நான்காவதற்கு, நாம் கொடுக்கும் ஒரு சொல்லை அவருடைய டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி (வெறும் உரை) பதிவாகப் போடச் சொல்லித்தான் உறுதி செய்ய முடியும்.

இந்தப் பக்கம் பெரும்பாலும் முதல் கேள்வியைப் பற்றியது.

வடிவத்துக்கான அடிப்படை விதிகள் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு லேபிளிலும் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவை மட்டும் வரலாம். சிறுகோடு முதலிலும் கடைசியிலும் கூடாது. லேபிள் 1 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. கடைசி லேபிள் வெறும் எண்ணாக இருக்கக் கூடாது.

டிஎன்எஸ்ஸின் அடிப்படை ஆவணங்களான ஆர்எஃப்சி (இணைய விதிகளை வெளியிடும் ஆவண வரிசை) 1034, 1035 இரண்டும் 1987 நவம்பரில் வந்தவை. அதற்கு முன்பிருந்த விதிப்படி கணினியின் பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். 1989இல் வந்த ஆர்எஃப்சி 1123 அதைத் தளர்த்தி, எண்ணிலும் தொடங்கலாம் என்றது. இன்றும் சில நிரல்கள் எண்ணில் தொடங்கும் பெயரைத் தள்ளிவிடுகின்றன. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பே போன விதி அது.

மொத்த நீளம் 253 என்கிறார்கள், 255 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. வலைப்பின்னலில் பெயர் போகும்போது டாட்கள் போவதில்லை. ஒவ்வொரு லேபிளுக்கும் முன்னால் அதன் நீளம் ஒரு பைட்டாகவும், எல்லாம் முடிந்ததும் பூஜ்யம் ஒரு பைட்டாகவும் போகும். அந்த வடிவத்துக்கு 255 பைட் எல்லை. முதல் லேபிளின் நீள பைட்டையும் கடைசிப் பூஜ்யத்தையும் கழித்தால் நாம் எழுதிப் பார்க்கும் வடிவத்துக்கு 253 கிடைக்கும். நிரலில் 253 என்று வையுங்கள். பெயரின் கடைசியில் டாட் வந்தால் (அது முறையானதே, எல்லாப் பெயர்களுக்கும் மேலே இருக்கும் வேரைக் குறிக்கிறது) ஒரே ஒரு டாட்டை நீக்கிவிட்டு எண்ணுங்கள். இரண்டு டாட் இருந்தால் தவறு.

கடைசி லேபிளுக்கு 2 முதல் 4 எழுத்து என்று ரெஜெக்ஸில் போட்டிருக்கிறேன். போதுமா?

போதாது. தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். 'மியூசியம்' என்ற ஆறெழுத்து ஆங்கில முடிவு (கடைசி லேபிளைத்தான் முடிவு என்கிறேன்) 2001லேயே வந்துவிட்டது. இப்போது வேரில் 1,400க்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன, பத்துப் பன்னிரண்டு எழுத்தில் பல உண்டு. .சிங்கப்பூர் என்ற தமிழ் முடிவை டிஎன்எஸ்ஸுக்காக ஆங்கில எழுத்துக்கு மாற்றிய உள்வடிவம் (கீழே விளக்குகிறேன்) மட்டும் 22 எழுத்து. மேல் எல்லை என்று ஒன்று வேண்டுமென்றால் அது 63தான்.

தமிழில் டொமைன் பெயர் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. 2007 அக்டோபரில், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 11 மொழிகளில் சோதனைப் பெயர்களை வேரில் சேர்த்தது. அவற்றில் தமிழும் ஒன்று. அந்தப் பெயர்: உதாரணம்.பரிட்சை. அதன்பின் நாட்டு முடிவுகளாக .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் மூன்றும் வந்தன. சோதனைக்கு வைத்த .பரிட்சை பிற்பாடு நீக்கப்பட்டது. மற்ற மூன்றும் இன்றும் வேரில் இருக்கின்றன.

என் நிரல் தமிழ்ப் பெயரை மட்டும் ஏன் தள்ளுகிறது? யூனிகோடை ஆதரிக்கும் ரெஜெக்ஸ்தானே போட்டேன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. காரணம் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும்தான்.

பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸ் தொகுப்பில் 'சொல்லெழுத்து' என்பதற்குப் பின்சாய்வுக்கோடும் டபிள்யூவும் சேர்ந்த குறி இருக்கிறது. யூனிகோடில் எழுத்தாகவோ எண்ணாகவோ இருப்பவை, கூடவே அடிக்கோடு, இவற்றை அது ஏற்கும். தமிழில் 'க' எழுத்து, 'அ' எழுத்து. ஆனால் புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாம் யூனிகோடின் வகைப்பாட்டில் 'எழுத்து' இல்லை, எழுத்தோடு ஒட்டும் 'குறி'. ஆகவே அவை இந்த வலையில் சிக்காது.

நீங்களே செய்து பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, சொல்லெழுத்துத் தொடர்களைக் கண்டுபிடி என்று கேட்டால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு வரும். நடுவிலிருந்த இகரக் குறியும் கடைசிப் புள்ளியும் காணாமல் போயிருக்கும். 'இந்தியா' என்று கொடுத்தால் 'இந', 'த', 'ய' என்று மூன்று துண்டு. ஸ்ட்ரிங்கின் 'இஸ்ஆல்ஃபா' முறையும் இதே கதைதான். 'தமிழ்' எழுத்துகளால் ஆனதா என்று கேட்டால் 'இல்லை' என்கிறது. 'பல' என்று கேட்டால் 'ஆம்' என்கிறது, அதில் ஒட்டுக்குறி எதுவும் இல்லையே.

இதைத் தாண்ட, 'அ' முதல் 'ஹ' வரை என்று வீச்சு எழுதுகிறவர்கள் உண்டு. அதிலும் மாட்டிக்கொள்வோம். யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'ஹ'வுக்குப் பின்னால் இருக்கின்றன, ஆய்த எழுத்து 'அ'வுக்கு முன்னால் இருக்கிறது. சரி, தமிழ்த் தொகுதி முழுவதையும், அதாவது 128 இடங்களையும், அனுமதித்துவிட்டால்? அப்போது மாதக்குறி, வருடக்குறி, பற்று, வரவு, ரூபாய் போன்ற பழைய குறியீடுகளும் உள்ளே வந்துவிடும். அவை டொமைன் பெயரில் வரக் கூடாதவை.

நான் எழுதிய ஒரு பதிவுப் படிவத்திலேயே இது நடந்தது. கடைக்காரர் ஒருவர் .இந்தியா முடிவுள்ள தன் முகவரியைத் தட்டினார். 'தவறான எழுத்துகள் உள்ளன' என்று செய்தி வந்தது. தான் தமிழில் ஏதோ பிழையாக எழுதிவிட்டதாக நினைத்து, அவர் அதையே நாலைந்து முறை திருத்தித் திருத்தித் தட்டியிருக்கிறார். அவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. அன்றிலிருந்து நான் எழுத்துகளை நானே வகைப்படுத்துவதை நிறுத்திவிட்டேன். அந்த வேலைக்கென்று ஒரு தரவிதி இருக்கிறது, அதைச் செயல்படுத்தும் நூலகமும் இருக்கிறது.

அந்தத் தரவிதி என்ன? பியூனிகோட் என்பது அதுதானா?

பியூனிகோட் அதன் ஒரு பகுதி. டிஎன்எஸ்ஸுக்குள் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டுமே போகும் என்பதால், தமிழ் லேபிளை அந்த எழுத்துகளிலேயே திரும்பப் பிரிக்கக்கூடிய விதத்தில் மாற்றி எழுதும் முறை அது. 2003இல் வந்தது. மாற்றிய லேபிளின் முன்னால் எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்ற நான்கெழுத்து அடையாளம் சேரும். அதனால்தான் மூன்றாம் நான்காம் இடங்களில் சிறுகோடு வருகிற வேறு லேபிள்களை ஏற்கக் கூடாது.

எந்த எழுத்துகளை மாற்றலாம், எவற்றை மறுக்க வேண்டும் என்று சொல்வது ஐடிஎன்ஏ என்ற தரவிதி. அதில் இரண்டு பதிப்பு: 2003ஆம் ஆண்டினது ஒன்று, 'ஐடிஎன்ஏ 2008' என்ற பெயரில் 2010இல் வெளியானது இன்னொன்று.

நீளம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 'சிங்கப்பூர்' நம் கண்ணுக்கு ஆறெழுத்து: சி, ங், க, ப், பூ, ர். யூனிகோடில் 11 கோட்பாயின்ட் (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒட்டுக்குறிக்கும் உள்ள தனி எண்). யூடிஎஃப்-8இல் 33 பைட். பியூனிகோடில் முன்னடையாளத்தோடு 22 எழுத்து. 63 என்ற எல்லை இந்தக் கடைசி எண்ணுக்குத்தான். ஆகவே தமிழ் ஸ்ட்ரிங்கின் நீளத்தை அளந்து 'சரி' சொல்லிவிட முடியாது. முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் அளக்க வேண்டும்.

பைத்தானிலேயே 'ஐடிஎன்ஏ' என்கோடிங் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன?

அது 2003 பதிப்பு. மேலும் அது சரிபார்ப்பதற்காக எழுதப்பட்டதும் இல்லை. முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும் லேபிளில் இடைவெளியோ அடிக்கோடோ இருந்தாலும் அப்படியே விட்டுவிடும். காலியான லேபிளையும் மிக நீண்ட லேபிளையும் மட்டும் மறுக்கும்.

தமிழில் இன்னொரு வேறுபாடும் உண்டு. 'க்ஷ' கூட்டெழுத்தாகச் சேராமல் 'க்‌ஷ' என்று தனித்து நிற்பதற்காக நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பானைச் சில விசைப்பலகைகள் போடும். 2003 பதிப்பு அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். 2008 பதிப்பு, மெய்ப்புள்ளிக்குப் பின் வந்தால் அதை ஏற்று வைத்துக்கொள்ளும். விளைவு, ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு வெவ்வேறு டிஎன்எஸ் பெயர்கள். சரிபார்த்தது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று என்று ஆகலாம்.

ஆகவே பைப்பி களஞ்சியத்தில் 'ஐடிஎன்ஏ' என்ற பெயரிலேயே கிடைக்கும் தனி நூலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள். அது 2008 பதிப்பைச் செயல்படுத்துகிறது. 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகம் வைத்திருந்தால் அது ஏற்கெனவே உங்கள் கணினிக்கு வந்திருக்கும்.

சரி, எந்த வரிசையில் எழுதுவது?

நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். உள்ளீடு ஸ்ட்ரிங்தானா, அளவுக்கு மீறி நீளமா என்று முதலில் பார்க்கிறேன். ஆயிரம் எழுத்தைத் தாண்டினால் வேறு எதுவும் செய்யாமல் அங்கேயே மறுத்துவிடுகிறேன். பிறகு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்குகிறேன். இங்கே ஓர் எச்சரிக்கை: ஸ்ட்ரிங்கின் 'ஸ்டிரிப்' முறை அகலமில்லா இடைவெளியை நீக்காது. அதை நகல் எடுத்து ஒட்டும்போது யாருக்கும் கண்ணில் படாது. அப்புறம் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுகிறேன். 'கோ' என்பதை 'க'வும் ஓகாரக் குறியுமாகத் தட்டலாம், 'க', இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்று. என்எஃப்சி அவற்றை உள்ளேயும் ஒன்றாக்கும்.

அதன்பின் கடைசி டாட் ஒன்றை எடுத்துவிட்டு, ஐடிஎன்ஏ நூலகத்தின் 'என்கோட்' செயல்பாட்டிடம் முழுப் பெயரையும் கொடுக்கிறேன். அது பிழையை எழுப்பினால் பெயர் செல்லாது. பதில் வந்தால் கையில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும். இப்போது 253, 63, சிறுகோட்டின் இடம், கடைசி லேபிள் எண்ணாக இல்லாமை எல்லாவற்றையும் டாட்டில் பிரித்து, லேபிள் லேபிளாகப் பார்ப்பது சுலபம். இந்தக் கட்டத்தில் ரெஜெக்ஸ் போட்டாலும் தப்பில்லை, அது பார்க்க வேண்டியது 37 எழுத்துகளைத்தான்.

தரவுத்தளத்தில் இந்த மாற்றிய வடிவத்தையே சிறிய எழுத்தில் சேமியுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் தமிழுக்குத் திருப்புங்கள். கடைக்காரர் தன் பெயரை அவர் எழுதியபடியே பார்க்க வேண்டும்.

முழு யுஆர்எல்லை ஒட்டிவிடுகிறார்களே?

'யுஆர்எல்ஸ்பிளிட்' செயல்பாட்டால் பிரித்து, 'ஹோஸ்ட்நேம்' பகுதியை மட்டும் எடுங்கள். முன்னால் நெறிமுறையின் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பகுதி காலியாக வரும், அப்போது உள்ளீட்டை நேராகப் பெயராக எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்கள் இரண்டும் சரி என்று வருகின்றன. இது பிழையா?

இல்லை, இது வேறு பிரச்சினை. வடிவம் சரியாக இருந்தும் ஏமாற்றக்கூடிய பெயர்கள் இவை. 2017இல் முழுக்கச் சிரில்லிக் எழுத்துகளால் 'ஆப்பிள்' போலவே தெரியும் ஒரு பெயரைப் பதிவு செய்து காட்டியபோது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தமிழுக்குள்ளேயே இதற்கு நிறைய இடம் இருக்கிறது.

'கௌரி' என்று ஔகாரக் குறியோடு எழுதினால் 4 கோட்பாயின்ட். ஒற்றைக்கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டி 'கெளரி' என்று எழுதினால் 5. நம்மில் பலரும் இரண்டாவதைத்தான் பழக்கத்தில் தட்டுகிறோம், செய்தித்தாள்களிலும் பார்க்கலாம். 'ஔவை', 'ஒளவை' இரண்டும் அப்படியே. ளகரம் உண்மையிலேயே தனி எழுத்து என்பதால் என்எஃப்சி இவற்றை இணைக்காது, இணைக்கவும் கூடாது. 'ஸ்ரீ' இன்னும் மோசம். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கோடு பிசகாமல் ஒரே உருவம். தமிழ் எண் ஒன்றும் ககரமும்கூட அப்படித்தான்: ௧, க. இந்த எண்ணை ஐடிஎன்ஏ அனுமதிக்கிறது.

இதற்கு நாம் செய்யக்கூடியது: ஒரு லேபிளுக்குள் தமிழும் வேறு மொழி எழுத்தும் கலந்தால் நிறுத்திக் கேளுங்கள். தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் கலந்தாலும் கேளுங்கள். பயனரின் பெயர் ஏற்கெனவே உள்ள பெயரோடு மோதுகிறதா என்று பார்க்க, 'ெ' குறிக்குப் பின் வரும் ளகரத்தை ஔகாரமாகவும், ஶகரத்தை ஸகரமாகவும் மாற்றிய ஓர் ஒப்பீட்டு வடிவத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பதை மாற்றாதீர்கள், ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 'வெள்ளம்' என்பதன் ளகரம் நியாயமானது, அதைக் கெடுத்துவிடக் கூடாது.

அடிக்கோடு வரலாமா?

டிஎன்எஸ் பெயரில் வரலாம், கணினியின் பெயரில் வரக் கூடாது. மின்னஞ்சலுக்கான டிமார்க் பதிவின் பெயர் அடிக்கோட்டில்தான் தொடங்குகிறது. நீங்கள் எழுதுவது டிஎன்எஸ் பதிவுகளைத் திருத்தும் கருவி என்றால் முதலெழுத்தாக அடிக்கோட்டை அனுமதியுங்கள். இணையதள முகவரி கேட்கும் படிவம் என்றால் வேண்டாம்.

ரெஜெக்ஸின் கடைசியில் டாலர் குறி போட்டால் போதுமா?

பைத்தானில் போதாது. ஸ்ட்ரிங்கின் முடிவில் ஒரு புதுவரிக் குறி இருந்தால், டாலர் அதற்கு முன்னாலேயே பொருந்திவிடும். அந்தப் புதுவரி எச்டிடிபி தலைப்புக்குள் போனால் தாக்குபவர் புதிய தலைப்பையே நுழைக்கலாம். பைத்தானில் இணையதளம் கட்டப் பயன்படும் ஜாங்கோவின் சரிபார்ப்பான்களிலேயே இந்த ஓட்டை இருந்து, 2015 ஜூலையில் சிவிஇ-2015-5144 என்ற பாதுகாப்புக் குறை எண்ணில் அடைக்கப்பட்டது. 'ஃபுல்மேட்ச்' பயன்படுத்துங்கள், அதில் இந்தச் சிக்கல் இல்லை.

நீளத்தை முதலிலேயே பார்க்கச் சொன்னீர்கள். அவ்வளவு முக்கியமா?

ஆம். ஆயிரக்கணக்கான லேபிள்களை அடுக்கி ஒரு பெயரை அனுப்பினால், சிக்கலான ரெஜெக்ஸ் முன்னும் பின்னும் போய்த் தேடிக்கொண்டே சர்வரைக் கட்டிப்போட்டுவிடும். ஜாங்கோவின் மின்னஞ்சல், யுஆர்எல் சரிபார்ப்பான்களில் இதே பிரச்சினை 2023 ஜூலையில் சிவிஇ-2023-36053 என்று திருத்தப்பட்டது. ரெஜெக்ஸ் இல்லாவிட்டாலும் தப்பவில்லை. பைத்தானின் உள்ளமைந்த ஐடிஎன்ஏ பகுதியில் நீளத்தின் வர்க்கமாக நேரம் பெருகும் குறை 2022இலும், நான் மேலே பரிந்துரைத்த தனி நூலகத்தில் அதுபோன்ற ஒன்று 2024இலும் வெளிவந்தன. தனி நூலகத்தில் 3.7 பதிப்பு அதைச் சரிசெய்தது, அதற்குக் கீழே வைத்திருக்காதீர்கள்.

ஜாங்கோவில் தயாராக எதுவும் இல்லையா?

5.1 பதிப்பிலிருந்து 'டொமைன்நேம்வாலிடேட்டர்' இருக்கிறது. தமிழ்ப் பெயரையும் ஏற்கும். ஆனால் அது ரெஜெக்ஸ்தான், ஏற்கும் யூனிகோட் வீச்சு மிகப் பரந்தது, பியூனிகோடுக்கு மாற்றி நீளம் பார்ப்பதில்லை. முதல் வடிகட்டியாக வையுங்கள், அதற்குப் பின்னால் மேலே சொன்ன வரிசையை ஓடவிடுங்கள்.

ஐபி முகவரியும் 'லோக்கல்ஹோஸ்ட்'டும்?

ஐபியை முதலில் 'ஐபிஅட்ரஸ்' தொகுப்பிடம் காட்டுங்கள். அது முகவரி என்று சொன்னால் டொமைன் பெயர் இல்லை. 'லோக்கல்ஹோஸ்ட்' வடிவப்படி சரி. வெளியுலகப் பெயர்தான் வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு லேபிள் கேளுங்கள்.

துணைப்பெயர்களை எல்லாம் நீக்கி, பதிவு செய்யப்பட்ட பெயரை மட்டும் எடுப்பது எப்படி?

கடைசி இரண்டு லேபிளை எடுத்தால் வராது. 'கோ.இன்' போன்ற முடிவுகளில் மூன்று தேவை. எங்கே வெட்டுவது என்பதற்கு விதி எதுவும் இல்லை, பட்டியல்தான் உண்டு. மொசில்லா தொடங்கிய பொதுப் பின்னொட்டுப் பட்டியல் அது. பைத்தானில் 'டிஎல்டிஎக்ஸ்ட்ராக்ட்' நூலகம் அதைப் படித்துத் தரும். பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் அவ்வப்போது புதுப்பியுங்கள்.

எதை வைத்து டெஸ்ட் எழுதுவது?

ஏற்க வேண்டியவை: எண்ணில் தொடங்கும் பெயர், ஓரெழுத்து லேபிள், சரியாக 63 எழுத்துள்ள லேபிள், கடைசியில் டாட் உள்ள பெயர், உதாரணம்.இந்தியா, உதாரணம்.இலங்கை, உதாரணம்.சிங்கப்பூர். 'கோ' இரண்டு விதமாகத் தட்டப்பட்டு ஒரே முடிவைத் தருகிறதா என்றும் ஒரு டெஸ்ட். மறுக்க வேண்டியவை: 64 எழுத்து லேபிள், அடுத்தடுத்து இரண்டு டாட், சிறுகோட்டில் முடியும் லேபிள், முடிவில் புதுவரி, நடுவில் இடைவெளி, 192.168.1.1, தமிழ் வருடக்குறி உள்ள பெயர், பத்தாயிரம் லேபிள் உள்ள பெயர். புதுவரிக்கான டெஸ்ட்டை உள்ளே இருக்கும் செயல்பாட்டுக்கே எழுதுங்கள், இல்லாவிட்டால் இடைவெளி நீக்கும் படியே அதை மறைத்துவிடும். பத்தாயிரம் லேபிள் டெஸ்ட்டுக்கு நேர எல்லையும் வையுங்கள்.

மறுக்கும்போது காட்டும் செய்தியையும் டெஸ்ட்டில் சேருங்கள். 'தவறான எழுத்துகள்' என்று மட்டும் சொல்லாமல், எந்த லேபிளில் எத்தனையாவது எழுத்து என்று சொல்லட்டும். ஐடிஎன்ஏ நூலகம் எழுப்பும் பிழைச் செய்தியிலேயே, ஏற்க முடியாத எழுத்து எது, எத்தனையாவது இடம் என்று இருக்கும்.